ஒன்பதாம் ஸ்தலத்து மரவட்டை

சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்த மழை எட்டு மணிக்குத்தான் விட்டது. விட்ட சூட்டோடு யுவராணி நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஜெஸ்லி, கெளம்பு புள்ள. இன்னைக்கு விட்டா அம்புட்டுத்தேன்."

ஜெஸ்லின் சோற்றை மூன்றாம் முறையாகப் பிசைந்துகொண்டிருந்தாள். ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவதும் மறுபடி உள்ளே இழுப்பதுமாக இருந்தாளே தவிர, ஒரு கவளம் தொண்டையில் இறங்கவில்லை.

"பரீட்சைக்குப் போறவ மாதிரி மொகத்த வச்சிருக்கா பாரு," என்றார் அவள் அப்பா ஜான் பீட்டர். "பூச்சி புடிக்கத்தான போற? அதுவும் நீ கண்டுபுடிச்ச பூச்சி. போன ஞாயித்துக்கெழம பூசையில சாமியார் என்ன சொன்னாக? ‘நம்ம சிலுவைப்பாதையில ஆண்டவர் ஒளிச்சு வச்ச உயிரு, ஒரு பதினாறு வயசுப் புள்ள கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு’ன்னாக. கோயிலே திரும்பி இவளப் பாத்துச்சு."

கோயிலே திரும்பிப் பார்த்தபோது ஜெஸ்லின் முக்காட்டை இழுத்து மூக்குவரை விட்டுக்கொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்கம் இல்லை, பயம். ஆண்டவர் அந்த உயிரைச் சிலுவைப்பாதையில் ஒளித்து வைக்கவே இல்லை. அவள் அதை அங்கே எடுக்கவே இல்லை. இந்தச் சேதி உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று ஜெஸ்லின். இன்னொன்று அந்த மரவட்டை. அது ஒரு வருசமாகக் கண்ணாடிக் குப்பிக்குள் ஸ்பிரிட்டில் கிடக்கிறது.

யுவராணி சின்னமனூர்க்காரி. மதுரையில் மரவட்டைகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு. மழை மறைவுப் பக்கத்து வறண்ட காட்டில் என்னென்ன மரவட்டை பிழைக்கிறது என்று பார்க்க, உத்தமபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊரில் ஜான் பீட்டர் வீட்டு மாடியறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டம். ஊருக்குப் பின்னால் ஒரு மொட்டைக் கரடு. அதன் உச்சியில் ஒரு பெரிய சிலுவை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை, சேசு சிலுவை சுமந்து போன கதையைச் சொல்லும் சிமெண்டுத் தூண்களாகப் பதினாலு ஸ்தலங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊரே பாட்டுப் பாடிக்கொண்டு அதில் ஏறும். மற்ற நாளில் ஆடுகூட ஏறாது. உச்சியில் இருக்கும் சிலுவையால் அதற்குச் சிலுவைக்கரடு என்று பேர்.

போன வருச ஐப்பசியில் யுவராணி ஜெஸ்லின் கையில் ஒரு குப்பியும் துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்தாள். "பேனா கூடாது. மை ஸ்பிரிட்டுல கரைஞ்சு போயிரும். பென்சில்ல எழுதுனா நூறு வருசம் நிக்கும். தேதி, எடம், எதுக்கு அடியில, எடுத்தது யாரு. நாலே வரி. நான் மதுரை போயிட்டு வர்றதுக்குள்ள கரட்டுல பத்துக் கல்லப் பொரட்டிப் பாத்துரு."

ஜெஸ்லின் போனாள். மூன்றாம் ஸ்தலத்துக்கு மேல் ஒரு புதருக்குள் பாம்புச் சட்டை முழு நீளத்துக்குக் கிடந்தது. காற்றில் அது லேசாக அசைந்ததுதான் தாமதம், அவள் எடுத்த ஓட்டம் வீட்டுக்குப் பின்னால் வந்துதான் நின்றது. அங்கே திராட்சைக்குப் போட இறக்கி வைத்திருந்த ஆட்டு எரு மூட்டைகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மூச்சு வாங்க ஒரு மூட்டையைப் பிடித்தாள். அது சரிந்தது. அடியில், ஈரப் புழுக்கைக்கு நடுவே, அவள் விரல் நீளத்துக்கு ஒரு மரவட்டை. கறுப்பு உடம்பு. ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் பழுத்த பனம்பழத்துச் சதை நிறத்தில் ஒரு கோடு. தொட்டதும் சுருண்டது. விரல்நுனியில் டிஞ்சர் வாடை அடித்தது. பழுப்புக் கறை ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் போகவில்லை.

குப்பியில் போட்டாள். சீட்டில் தேதியை எழுதினாள். ‘எடம்’ என்ற இடத்தில் பென்சில் நின்றது. எரு மூட்டை என்று எழுதினால், கரட்டுக்கு ஏன் போகலை என்று யுவராணி அக்கா கேட்பாள். பாம்புச் சட்டைக்குப் பயந்து ஓடி வந்ததைச் சொன்னால் வருசம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு பூச்சிதானே. ஜெஸ்லின் எழுதினாள்: ‘சிலுவைக்கரடு, ஒன்பதாம் ஸ்தலம், கல்லுக்கு அடியில்.’

அந்த ஒரு பூச்சிதான் இந்தப் பாடு படுத்திவிட்டது. மதுரையிலிருந்து திரும்பி வந்த யுவராணி அதை மல்லாத்தி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் கீழே கோழி கலைந்தது. ஆண் மரவட்டைக்கு ஏழாவது வளையத்தில் கால் இருக்காது. அந்த இடத்தில் இரண்டு கொக்கி மாதிரி ஒரு உறுப்பு ஒளிந்திருக்கும். சாவிக்குப் பல் இருக்கிற மாதிரி, ஒவ்வொரு இனத்துக்கும் அது ஒவ்வொரு வடிவம். இதனுடைய கொக்கி அரிவாள் நுனியாக வளைந்து, வளைவில் ஒரு சின்ன முள்ளும் வைத்திருந்தது. அப்படி ஒரு முள்ளை இதுவரை யாரும் எங்கேயும் வரைந்து வைக்கவில்லை.

"புது இனம்டி!" என்றாள் யுவராணி. அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்ன கல்லு?"

"கருங்கல்லுக்கா."

"பக்கத்துல என்ன செடி?"

"கள்ளி."

"கல்லுக்கு அடியில ஈரமா?"

"ரெண்டு வெரல் ஆழத்துக்கு எலச் செத்தை, ஈரமாத்தேன் இருந்துச்சு."

கேட்கக் கேட்கப் பதில் வந்தது. ஒரு பொய் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. அவள் சொன்ன கல்லும் கள்ளியும் செத்தையும் இங்கிலீசுக்கு மாறி, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதும் சேர்ந்து, கட்டுரையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. வளையம் ஐம்பத்தொன்று என்று ஜெஸ்லின் மூன்று தடவை எண்ணிச் சொன்னது மட்டும் நிஜம். அதை எண்ணும்போது அவளுக்கு எல்லாமே மறந்துபோனது. இவ்வளவு சின்ன உடம்பில் யாரும் பார்க்காத ஒரு சாவி இருக்குமா என்று ராத்திரி படுக்கையில் நினைத்துக்கொண்டாள். நினைத்த மறு நிமிசம் ஒன்பதாம் ஸ்தலம் ஞாபகம் வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

இப்போது கட்டுரை அச்சுக்குத் தயார். நாளைக் காலை பத்து மணிக்குள் கடைசிப் பிரதியைப் பார்த்து ‘சரி’ என்று யுவராணி மெயில் அனுப்ப வேண்டும். பேரும் முடிவாகிவிட்டது. கரட்டின் பேரையே இனத்துக்கு வைத்திருந்தாள். "பேரு அச்சாயிருச்சுன்னா அப்புறம் ஆண்டவரே வந்தாலும் மாத்த முடியாது. பொருந்தலைன்னாலும் அதேதேன் பேரு," என்று அவள் பெருமையாகச் சொன்னது ஜெஸ்லின் காதில் சாபம் மாதிரி விழுந்தது.

ஒரே ஒரு குறை. ஆண் ஒன்றுதான் கிடைத்திருந்தது. இன்னொன்றாவது கிடைத்தால் நிம்மதியாக அனுப்பலாம் என்று இந்த ஐப்பசி மழையில் நாலு ராத்திரி கரட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது. இது ஐந்தாவது ராத்திரி.

"பாத்துப் போங்கத்தா," என்று வாசல்வரை வந்தார் ஜான் பீட்டர். "பூச்சி பொட்டு கெடக்கும்."

"பூச்சி கெடக்கணும்னுதேன் போறோம் அண்ணாச்சி," என்றாள் யுவராணி.

ஏறினார்கள். கரட்டுச் சரளை மழையில் கழுவி வெள்ளையாக மின்னியது. யுவராணி ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, பார்த்து, இருந்த மாதிரியே திருப்பி வைத்தாள். இரண்டு தேள், ஒரு பூரான், பல்லி முட்டை. ஜெஸ்லின் பின்னால் வெறும் குப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்பதாம் ஸ்தலத்தில் சேசு மூன்றாம் முறை விழுந்து கிடக்கிற படம் ஓட்டில் பதித்திருக்கும். விளக்கு வெளிச்சம் அதில் பட்டதும் அவர் முகம் திரும்பி அவளைப் பார்த்தது போல இருந்தது.

"இங்கனதான எடுத்த?" யுவராணி குனிந்தபடியே கேட்டாள்.

ஜெஸ்லின் குப்பி மூடியைத் திருகித் திறந்து மறுபடி மூடினாள்.

"கள்ளிய வேற காணோம். ஆடு தின்னுருக்குமோ? ஆடு கள்ளி திங்காதே. ஏ புள்ள, எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஜெஸ்லின் தூணைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குப் பத்து மணி. அப்புறம் நூறு வருசம்.

"அக்கா."

"சொல்லு."

"லைட்ட அமத்துங்கக்கா."

"எதுக்குடி?"

"அமத்துங்கக்கா. ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டுச் சொல்ல எனக்குத் தைரியமில்ல."

யுவராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்தாள். இருட்டில் தூரத்துச் சாலையில் கம்பம் பஸ் ஒன்று ஊர்ந்து போவது மட்டும் தெரிந்தது.

"அது இங்கன எடுக்கலக்கா."

"எது?"

"மரவட்டை. கரட்டுல எடுக்கவேயில்ல. நான் மூணாம் ஸ்தலத்தோட ஓடி வந்துட்டேன். பாம்புச் சட்டை கெடந்துச்சு. வீட்டுக்குப் பொறத்தால எரு மூட்டைக்கு அடியில இருந்துச்சு. நீங்க சிரிப்பீகன்னு இங்கனன்னு எழுதிட்டேன். அப்புறம் நீங்க கல்லக் கேட்டீக, செடியக் கேட்டீக..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

ஒன்பதாம் ஸ்தலத்துத் திண்டில் யுவராணி தொப்பென்று உட்காருவது கேட்டது.

"ஒரு வருசம்டி," என்றாள். குரல் உடைந்திருந்தது. "கருங்கல்லுன்னு எழுதிருக்கேன். கள்ளின்னு எழுதிருக்கேன். மொட்டைக் கரட்டுல ஒரு மரவட்டை எப்புடிப் பொழைக்குதுன்னு ரெண்டு பக்கம் வியாக்கியானம் எழுதிருக்கேன். அது பொழைக்கவேயில்ல, நான் பொழைக்க வச்சிருக்கேன்! எங்க கைடு மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

"என்னைய அடிங்கக்கா."

"அடிச்சா?" என்று சீறினாள் யுவராணி. "அடிச்சா அது கரட்டுக்கு வந்துருமா?"

ஜெஸ்லின் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஈரச் சரளையில் உட்கார்ந்தாள். நாளைக்கு ஊருக்குத் தெரியும். சாமியாருக்குத் தெரியும். முக்காட்டை எதுவரை இழுத்தாலும் போதாது.

யுவராணி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, என்னவோ நினைப்பு வந்த மாதிரி, "என்ன எரு?" என்றாள்.

"ஆங்?"

"மூட்டையில என்ன எருடி? மாட்டு எருவா, ஆட்டு எருவா?"

"ஆட்டு எரு."

"ஆட்டு எரு..." விளக்கு பளிச்சென்று எரிந்தது. யுவராணி எழுந்து நின்றிருந்தாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை, ஆனால் கண் வேறு மாதிரி இருந்தது. "அந்தக் குப்பிக்குள்ள, அடியில ஒரு வெதை கெடந்துச்சு, ஜெஸ்லி. வேலங்கா வெதை. கரட்டுல வேலமரம் ஏதுடான்னு ரெண்டு நாளு மண்டைய ஒடச்சேன். அப்புறம் காக்கா போட்டுருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வேலங்கா யாரு தின்பா?"

"ஆடு."

"ஆடு! அது மட்டுமா? கால் இடுக்குல செம்மண்ணு அப்பிருந்துச்சு. இந்தக் கரட்டுல ஒரு பிடி செம்மண்ணக் காட்டு பாப்போம். போட்டோவுல அழகா இருக்கணும்னு பிரஷ்ஷு போட்டுத் தேச்சுக் கழுவி விட்டேன். அது வாயத் தொறந்து சொல்லிருக்கு, நாந்தேன் காத மூடிக்கிட்டேன்." இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வெள்ளைச் சரளையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்ப எங்கேருந்துதான் வந்துச்சு அது?"

ஒரு வருசத்தில் முதல் தடவையாக ஜெஸ்லினுக்கும் அந்தக் கேள்வி வந்தது. அவள் இதுவரை அது எங்கே இல்லை என்பதை மறைப்பதிலேயே இருந்துவிட்டாள். எங்கே இருந்தது என்று யோசித்ததே இல்லை.

ஜான் பீட்டர் தூங்கவில்லை. மகள் அழுத கண்ணோடு வருவதைப் பார்த்ததும் பாம்பு கடித்துவிட்டதோ என்று காலைத்தான் முதலில் பார்த்தார். ஜெஸ்லின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவிடம் சொல்வது கரட்டில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. இங்கே விளக்கை அணைக்கச் சொல்ல முடியவில்லை.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடி பாவி. சாமியார் பிரசங்கமே வச்சுட்டாகளே." கொஞ்சம் கழித்து, "அவுககிட்ட யாரு சொல்றது?"

"நாந்தேன் சொல்லணும்."

"நீதேன் சொல்லணும்," என்றார் அவர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்ட ஆரம்பிப்பதற்குள் யுவராணி குறுக்கே விழுந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, போன வருசம் அந்த எரு எங்கேருந்து வந்துச்சு?"

"ரெண்டு எடத்துல இருந்து வந்துச்சு. ஒரு லோடு இங்கன பக்கத்துலயே, வயக்காட்டுல ஆட்டுக் கிடை போட்ட எரு. இன்னொரு லோடு வருசநாட்டுப் பக்கமிருந்து, இருளம்மான்னு ஒரு அம்மாவோட ஆட்டுப்பட்டி எரு. எது எந்த மூட்டைன்னு இப்ப யாரு கண்டா? எல்லாம் பழைய தீவனச் சாக்குதேன், ஒண்ணு மாதிரித்தேன் இருக்கும்."

யுவராணி ஜெஸ்லின் பக்கம் திரும்பினாள். நோட்டு கையில் இருந்தது. ஆனால் இந்த முறை உடனே கேட்கவில்லை. "ஜெஸ்லி. எனக்காகச் சொல்லாத. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அந்த மூட்டையப் பத்தி என்ன ஞாபகம் இருக்கு?"

ஜெஸ்லின் கண்ணை மூடினாள். ஓடி வந்த மூச்சு. நனைந்த சாக்கு. கையை வைத்ததும்...

"நெறம் தெரியலக்கா. எழுத்து இருந்துச்சான்னும் தெரியல." அப்படிச் சொல்வது எவ்வளவு இலேசாக இருந்தது. "ஆனா கையில குத்துச்சு. மூட்டை வாய நாரு போட்டுத் தச்சிருந்தாக. கத்தாழ நாரு. ஒரு சிலாம்பு உள்ளங்கையில ஏறி அம்மாதேன் ஊசியால எடுத்துவிட்டாக."

ஜான் பீட்டர் தொடையில் அடித்தார். "இருளம்மா மூட்டை! மத்தவுக எல்லாம் பிளாஸ்டிக் கயிறுதேன். அந்தம்மா ஒண்ணுதேன் இன்னும் கத்தாழ நாருல தைக்கும். லாரிக்காரன் கையெல்லாம் கிழிஞ்சு வஞ்சுக்கிட்டே எறக்குவான்."

யுவராணி அங்கேயே உட்கார்ந்து போனில் மெயில் தட்டினாள். ‘இடம் தவறு. அச்சடிக்காமல் நிறுத்தி வையுங்கள்.’ அனுப்புவதற்கு முன் ஒரு நிமிசம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள், ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி.

விடிந்ததும் யுவராணியின் வண்டியில் இருவரும் கிளம்பினார்கள். சின்னமனூர், தேனி தாண்டிக் கண்டமனூர் வழியாகத் தெற்கே திரும்பியதும் பச்சை பின்னால் போய்விட்டது. செம்மண் மேடும் வேலமரமும் ஓடைமுள்ளும், சுற்றிலும் வட்டமாக மலையும். மேகம் மலையில் முட்டிக்கொண்டு நின்றது, கீழே இறங்க மனசில்லாதது போல. யுவராணி வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் போய்விட்டதா இருக்கிறதா என்று அவள் முதுகைப் பார்த்து ஜெஸ்லினால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தடவை மட்டும் வண்டியை நிறுத்தி, சாலையோரச் செம்மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, "ம்ம்," என்றாள். அந்த ‘ம்ம்’மில் கொஞ்சம் உயிர் வந்தது ஜெஸ்லினுக்கு.

இருளம்மாள் முள்வேலிப் பட்டியின் படலைத் திறந்து ஆட்டை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு செல்போன், பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது.

"எருவுக்கா?"

"எருவுல இருந்த பூச்சிக்கு," என்றாள் யுவராணி. "போன வருசம் உத்தமபாளையம் பக்கம் ஜான் பீட்டருக்கு அனுப்புன எரு."

இருளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "பூச்சி இருக்குன்னு இப்பத்தான் தெரியுதாக்கும்? ஒரு வருசம் தோட்டத்துல போட்டு, கொடி காச்சு, பழத்த வித்துத் தின்னுபுட்டு, இப்ப எருவத் திருப்பிக் குடுக்க வந்தீகளா? நல்லாருக்கே நாயம்!"

"ஐயோ இல்லத்தா! அந்தப் பூச்சி எங்களுக்கு வேணும்." ஜெஸ்லின் குப்பியை எடுத்து நீட்டினாள்.

இருளம்மாள் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "டிஞ்சர் பூச்சி. இதுக்கா பெட்ரோல் போட்டு வந்தீக?" கம்பால் பட்டியின் மூலையில் காய்ந்து பலகை மாதிரி இறுகியிருந்த புழுக்கைப் பத்தையை நெம்பினாள்.

அடியில் தரை நகர்ந்தது.

முப்பதா, நாற்பதா? கறுப்பும் பனம்பழ நிறமுமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெளிச்சம் பட்டதும் அலை அலையாகக் காலை வீசிக்கொண்டு, திசைக்கு ஒன்றாகக் கலைந்தன. டிஞ்சர் வாடை குப்பென்று எழுந்தது. யுவராணி அப்படியே மண்டியிட்டாள். ஒன்றைப் பிடித்து மல்லாத்தினாள். தலையிலிருந்து ஆறு வளையம் எண்ணினாள், ஏழாவதில் விரல் நின்றது. கால் இல்லாத இடைவெளி.

"ஆணு," என்றாள். இன்னொன்று. "ஆணு. ஜெஸ்லி, இதப் பாரு, பொண்ணு. ஏழாவதுலயும் காலு இருக்கு பாரு!"

"ஆணா பொண்ணான்னு பாக்க ஆட்டத்தேன் புரட்டுவாக. இதயுமா?" என்றாள் இருளம்மாள்.

ஜெஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று ராத்திரியிலிருந்து முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு கேட்டாள். "கோடையில இதெல்லாம் எங்கத்தா போகும்? இங்கன ஒரு சொட்டு ஈரம் இருக்காதே."

யுவராணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கேள்வியைத்தான் அவளும் கேட்க இருந்தாள்.

"கோடையில ஒண்ணு கண்ணுல படாது. ஆனா பட்டிக்கால் நடக் குழி தோண்டுவோம்ல, முழங்கை ஆழத்துல, வளையல் கணக்கா சுருண்டு சுருண்டு கெடக்கும். செத்துப்போச்சாக்கும்னு நெனப்போம். எடுத்துப் போட்டு, அதுமேல தண்ணியக் கொட்டிப் பாரு, நாலு நாழியில எந்திரிச்சுப் போயிரும்."

"பட்டியில மட்டுந்தேனா? வெளிய?"

"அந்தா, பட்டுப்போன வேலமரம் தெரியுதுல்ல, அதுக்கு அடியிலயும் கெடக்கும். ஆடு மோந்து பாத்துட்டுத் தும்மும். திங்காது. ஆமா, இதுக்கு இன்னும் பேரே வைக்கலன்னா சொல்றீக? நாங்க இம்புட்டுக் காலமாக் கூப்புட்டுக்கிட்டுத்தான இருக்கோம்?"

யுவராணி எழுதிக்கொண்டே இருந்தாள். பக்கம் புரட்ட நேரமில்லாமல் அட்டையிலும் எழுதினாள். பட்ட வேலமரத்துக்கு அடியில் ஜெஸ்லினே கையை விட்டு நாலு எடுத்தாள். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் நன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டாள் என்பதும் உண்மை.

"பாம்பு கீம்பு இருக்கான்னு பாத்தேன்," என்றாள் சத்தமாகவே.

"பாக்கணும்ல," என்றாள் யுவராணி. சிரிக்கவில்லை.

மத்தியானம் மறுபடி தூறல் பிடித்தது. பட்டியோரத்துத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து புதுக் குப்பிகளுக்குச் சீட்டு எழுதினார்கள். இனி இந்த இனத்துக்கு அடையாளமாக இங்கே எடுத்த ஆண் ஒன்றைத்தான் வைக்கப் போவதாக யுவராணி சொன்னாள். பழைய பேரைக் கட்டுரையில் அடித்தாகிவிட்டது. புதுப் பேர் இன்னும் இல்லை. வியாக்கியானம் இரண்டு பக்கமும் போச்சு. முழுக்கத் திரும்ப எழுத மூன்று மாதமாவது ஆகும்.

"அப்ப பழசு?" ஜெஸ்லின் அந்தக் குப்பியை மடியில் வைத்திருந்தாள்.

"அதுவும் கூடவே போகும். அதே இனந்தான?"

ஜெஸ்லின் மூடியைத் திறந்தாள். இடுக்கியால் சீட்டை வெளியே இழுத்தாள். ஒரு வருசம் ஸ்பிரிட்டில் ஊறியும் பென்சில் எழுத்து அழியவில்லை. அவளுடைய குண்டு கையெழுத்து. ஒன்பதாம் ஸ்தலம். இரண்டு விரலால் பிடித்துக் கிழிக்கப் போனாள்.

"ஏ, ஏ!" யுவராணி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "சீட்டக் கிழிக்கக் கூடாது."

"தப்பா இருக்கேக்கா."

"தப்பா இருந்தாலுந்தேன். ஒரு குப்பிக்குள்ள ஒருக்கா போன சீட்ட யாரும் வெளிய எறிய மாட்டாக. அது உள்ளயே இருக்கும். திருத்தணும்னா இன்னொரு சீட்டு எழுதி அதுகூடப் போடணும். நாளப்பின்ன தெறந்து பாக்குறவுக ரெண்டையும் படிச்சுக்கிருவாக."

"நான் பொய் சொன்னதயுமா?"

"அதயுந்தேன்."

ஜெஸ்லினுக்கு முகம் சுண்டிவிட்டது. நூறு வருசம் நிற்கும் என்று யுவராணி சொன்னது பென்சிலைப் பற்றி மட்டுமில்லை போல. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூறலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆட்டுக்குட்டி வந்து குப்பியை முகர்ந்துவிட்டுத் தும்மியது.

"எழுதுறியா, நான் எழுதட்டா?" என்றாள் யுவராணி.

"நானே எழுதுறேன்."

பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினாள். இந்த முறை எந்த வரியிலும் பென்சில் நிற்கவில்லை. ‘மற்ற சீட்டில் உள்ள இடம் தவறு. கரட்டில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆட்டு எரு மூட்டைக்கு அடியில் எடுத்தது. மூட்டை வருசநாட்டுப் பக்கம் இருளம்மாள் பட்டியிலிருந்து வந்திருக்கலாம். நிச்சயமில்லை; மூட்டை வாய் கத்தாழை நாரில் தைத்திருந்தது. பயத்தில் மாற்றி எழுதினேன். ஜெஸ்லின்.’

யுவராணி வாங்கிப் படித்தாள். "‘பயத்தில்’ங்கிறது சீட்டுல வர வேண்டியதில்ல."

"இருக்கட்டும்க்கா."

"எடம் பத்தாதுன்னு சொல்றேன்."

"சின்னதாத்தான எழுதிருக்கேன்."

"என்ன எழுதிருக்கா? வாசி கேப்போம்," என்று இருளம்மாள் குனிந்தாள். ஜெஸ்லின் வாசித்தாள். தன் பேர் வந்த இடத்தில் இருளம்மாள் தலையாட்டினாள். முடிந்ததும், "‘வந்திருக்கலாம்’ என்ன, வந்திருக்கலாம்? கத்தாழ நாருன்னா ஏம் மூட்டைதேன். நிச்சயம்னு போடு," என்றாள்.

"பாக்காதத நிச்சயம்னு போடக் கூடாதுத்தா," என்றாள் ஜெஸ்லின்.

யுவராணி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு இடுக்கியை எடுத்து நீட்டினாள்.

ஜெஸ்லின் இரண்டு சீட்டையும் சுருட்டிக் குப்பிக்குள் விட்டாள். ஸ்பிரிட்டில் அவை மெல்ல விரிந்து, மரவட்டையின் இரு பக்கமும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. ஒரு பக்கம் திருப்பினால் ஒன்பதாம் ஸ்தலம். மறுபக்கம் திருப்பினால் எரு மூட்டை. நடுவில் அது சுருண்டு கிடந்தது, ஐம்பத்தொரு வளையத்தோடு.

அவள் விரல்நுனியெல்லாம் பழுப்புக் கறை. தூறல் நீரில் கழுவிப் பார்த்தாள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை போகாது. அந்த விரலாலேயே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, கெடைச்சிருச்சு. ஆமா, இங்கனதேன்... அழுகல, மழைச் சத்தம். அப்பா, சாமியார் சாயங்காலம் எத்தன மணிக்கு இருப்பாக?"